கொடுத்த பின்னும் விடாத கை: புகலிடம் கோருவோரின் கொடுப்பனவு அட்டையும் வழக்குகளும்

2000ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிரித்தானியாவில் ஒரு வவுச்சர் முறை நடைமுறைக்கு வந்தது. வவுச்சர் என்றதும் எங்கள் பெற்றோருக்கு ஞாபகம் வருவது பிள்ளைகளின் சீருடை வவுச்சர்தான். இது வேறு விசயம். அரசியல் புகலிடம் கேட்டு அந்நாட்டுக்கு வந்தவர்களுக்கு, அவர்களது விண்ணப்பம் முடிவாகும்வரை, சாப்பாடு, உடுப்பு, மற்றச் செலவு எல்லாவற்றுக்குமாகக் கொடுக்கப்பட்ட கடதாசித் துண்டுகள் அவை. 25 வயதுக்கு மேற்பட்ட தனி ஆளுக்கு வாரத்துக்கு 36 பவுண் 54 பென்ஸ். அதில் 10 பவுணை மட்டும் தபால் கந்தோரில் காசாக மாற்றிக்கொள்ளலாம். மிச்சத்துக்குக் குறிப்பிட்ட கடைகளில் சாமான்தான் வாங்க வேண்டும். ஐந்து பவுண் வவுச்சரை நீட்டி நாலரைப் பவுணுக்குச் சாமான் வாங்கினால் மீதி ஐம்பது பென்ஸ் கைக்கு வராது. கடைக்காரர் மிச்சக் காசு கொடுக்கத் தேவையில்லை என்பதே ஏற்பாடு.

அந்த ஐம்பது பென்ஸ் யாருடையது? அரசாங்கம் அதைக் கொடுத்துவிட்டது. வாங்கியவருக்குக் கிடைக்கவில்லை. நடுவில் நின்ற கடைக்குப் போனது. சின்னத் தொகைதான். ஆனாலும் நிவாரணம் வாங்கியவனுக்கு அந்த நிவாரணத்தின் மேல் என்ன உரிமை என்ற பெரிய கேள்வி அந்தச் சின்னத் தொகைக்குள் இருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் நீதிமன்றங்கள் இதைச் சுற்றிச்சுற்றி வந்திருக்கின்றன. நேராக விடை சொன்ன சந்தர்ப்பங்கள் குறைவு. ஏன் குறைவு என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது எங்களுக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. அந்த 2000ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் புகலிடம் கோரியவர்களில் இலங்கையர் முன்வரிசையில் இருந்தார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான், ஈரான், சோமாலியா ஆகிய நாடுகளிலிருந்தும் ஏராளமானோர் வந்திருந்தார்கள். வவுச்சரோடு கடை வாசலில் நின்றவர்களில் தமிழ் பேசியவர்களும் இருந்தார்கள், ஸலாம் சொன்னவர்களும் இருந்தார்கள்.

பட்டினிக்கு எதிராக ஒரு தீர்ப்பு

வவுச்சர் எப்படிப் பிறந்தது என்பதை விளங்கிக்கொள்ள நான்கு வருடம் பின்னுக்குப் போக வேண்டும். 1996 பெப்ரவரி வரையில் பிரித்தானியாவில் புகலிடம் கோரியவர்களுக்குச் சமூக உதவிப் பணம் காசாகவே கிடைத்தது. உள்ளூர் ஏழைக்குக் கிடைத்ததைவிடச் சற்றுக் குறைவு, ஆனால் காசு. அந்த மாதம் கன்சர்வேட்டிவ் அரசு ஓர் ஒழுங்குவிதியால் அதை வெட்டியது. நாட்டுக்குள் இறங்கிய இடத்திலேயே புகலிடம் கேட்காமல் உள்ளே வந்தபின் கேட்டவர்களுக்கும், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மேன்முறையீடு செய்திருந்தவர்களுக்கும் இனி உதவி இல்லை என்றாயிற்று. வேலை செய்யவும் அனுமதி இல்லை, உதவியும் இல்லை என்றால் ஓர் ஆள் எப்படி வாழ்வது?

குடிவரவாளர்களின் நலனுக்காக இயங்கும் ஓர் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 1996 ஜூன் மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் அந்த ஒழுங்குவிதி செல்லாது என்றார்கள். அவர்கள் சொன்ன நியாயம் எளிமையானது. மேன்முறையீடு செய்யும் உரிமையைக் கொடுத்தது பாராளுமன்றம். மேன்முறையீடு முடியும்வரை ஆளைப் பட்டினி போடும் ஒழுங்குவிதி அந்த உரிமையை வெறும் கோதாக்கிவிடுகிறது. அப்படிச் செய்ய அமைச்சருக்கு அதிகாரம் இல்லை. நீதிபதி சைமன் பிரவுண் தமது தீர்ப்பில் 1803ஆம் ஆண்டு வழக்கொன்றை நினைவுபடுத்தினார். ஈஸ்ட்போர்ன் என்ற ஊரில் அந்நிய நாட்டு ஏழைகளுக்கு யார் பொறுப்பு என்று எழுந்த வழக்கு அது. எழுதப்பட்ட சட்டங்கள் எல்லாவற்றுக்கும் முந்தியது மனிதாபிமானத்தின் சட்டம், அந்நியனையும் பட்டினியிலிருந்து காப்பாற்ற அது எங்களைக் கட்டுப்படுத்துகிறது என்ற கருத்தை அன்றைய பிரதம நீதியரசர் எலன்பரோ அதில் வெளியிட்டிருந்தார். இருநூறு வருடம் பழைய அந்த வார்த்தை மறுபடி நீதிமன்றத்தில் ஒலித்தது.

வெற்றி சில வாரம்தான் நிலைத்தது. ஒழுங்குவிதியால் முடியாததைப் பாராளுமன்றம் ஜூலை மாதமே சட்டமாக்கி முடித்தது. வழக்கறிஞர்கள் வேறு கதவைத் தட்டினார்கள். 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டத்தில், வயது, நோய் அல்லது வேறு சூழ்நிலை காரணமாகப் பராமரிப்புத் தேவைப்படுவோருக்கு உள்ளூராட்சி மன்றங்கள் இடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. கையில் ஒன்றுமில்லாமல் தெருவில் நிற்கும் அகதியும் அந்த 'வேறு சூழ்நிலை'க்குள் வரலாம் என்று 1997இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இங்கேதான் ஒரு முடிச்சு விழுந்தது. அந்தப் பிரிவு தங்குமிடமும் அதோடு சேர்ந்த பராமரிப்பும் கொடுக்கச் சொன்னதே தவிர, காசு கொடுக்க இடம் தரவில்லை. பின்னர் வந்த வழக்கொன்றில் நீதிமன்றமே இதை உறுதிப்படுத்தியது. ஆகவே உள்ளூராட்சி மன்றங்கள் உணவுப் பொதி கொடுத்தன, சமைத்த சாப்பாடு கொடுத்தன, கடை வவுச்சர் கொடுத்தன. பட்டினியிலிருந்து காப்பாற்றிய தீர்ப்பே காசில்லாத நிவாரணத்துக்கும் வழி திறந்துவிட்டது. பின்னால் வந்த தொழிற்கட்சி அரசு 1999ஆம் ஆண்டின் குடிவரவு, புகலிடச் சட்டத்தால் அதை நாடு முழுவதற்குமான முறையாக்கியது. காசு கொடுத்தால் அதற்காகவே ஆட்கள் வருவார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

வவுச்சரை விழுத்தியது யார்?

வவுச்சர் முறை இரண்டு வருடம்தான் தாக்குப்பிடித்தது. வவுச்சரைப் பொறுப்பெடுத்து விநியோகித்தது சொடெக்ஸோ என்ற பிரெஞ்சுக் கம்பனி. சேர்ந்திருந்த கடைகளில் பெரும்பாலானவை பெரிய சுப்பர்மார்க்கெட்டுகள். மலிவாகக் கிடைக்கும் சந்தையும், பழைய உடுப்புக் கடையும், மூலைக்கடையும், ஹலால் இறைச்சிக் கடையும் பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்கு வெளியே. ஆக, கையில் வவுச்சர் இருந்தும் பிள்ளைகளுக்கு ஹலாலான இறைச்சி வாங்கிக் கொடுக்க முடியாத நிலை முஸ்லிம் குடும்பங்களுக்கு வந்தது. சந்தையில் மலிவாக வாங்கக்கூடியதைப் பெரிய கடையில் கூடின விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. கடையில் வரிசையில் நிற்கும்போது காசுக்குப் பதில் வேறு கடதாசியை எடுத்து நீட்டுவதே, 'இவர் அகதி' என்று எல்லாருக்கும் காட்டிக்கொடுத்தது.

போக்குவரத்துத் துறையினரின் பெரிய தொழிற்சங்கத்துக்கு அப்போது தலைவராக இருந்தவர் பில் மொரிஸ். ஜமேக்காவில் பிறந்து பிரித்தானியாவுக்கு வந்தவர். தமது கட்சியே ஆட்சியில் இருந்தும் அவர் வவுச்சருக்கு எதிராக வெளிப்படையாகப் பேசினார். அவரது சங்கமும், ஒக்ஸ்பாமும், அகதிகள் கவுன்சிலும் சேர்ந்து 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் அறிக்கை வெளியிட்டன. 2001 ஒக்டோபரில் உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெட் வவுச்சரைக் கைவிடப்போவதாகப் பாராளுமன்றத்தில் அறிவித்தார். 2002 ஏப்ரலில் காசு திரும்பி வந்தது.

வவுச்சரை விழுத்தியது நீதிமன்றத் தீர்ப்பல்ல. தொழிற்சங்கமும், தொண்டு நிறுவனங்களும், சாதாரண மக்களின் வெட்கமும் சேர்ந்தே அதை விழுத்தின. இது தற்செயலான விசயம் இல்லை என்பது அடுத்து வந்த வழக்குகளைப் பார்த்தால் தெரியும்.

நீதிமன்றம் கீறிய கோடு

2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நாட்டுக்குள் வந்தபின் நியாயமான அளவு விரைவாகப் புகலிடம் கேட்காதவர்களுக்கு எந்த உதவியும் கொடுக்கக் கூடாது என்றது. ஆட்கள் தெருவில் படுத்தார்கள். தொலைபேசிப் பெட்டிக்குள்ளும் பள்ளிவாசல், தேவாலய வாசல்களிலும் இரவைக் கழித்தார்கள். வழக்குகள் குவிந்தன. 2005 நவம்பரில் பிரபுக்கள் சபை, அந்நாட்டின் அப்போதைய அதியுயர் நீதிமன்றம், லிம்புவேலா வழக்கில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. வேலை செய்யவும் விடாமல், உதவியும் கொடுக்காமல், அரசு தானே தெரிந்து ஓர் ஆளைத் தங்க இடமும் உண்ண வழியும் அற்ற நிலைக்குத் தள்ளினால், அது ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயத்தின் 3ஆம் உறுப்புரை தடைசெய்யும் மனிதாபிமானமற்ற நடத்தை ஆகும்.

பெரிய தீர்ப்பு. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய தீர்ப்பு. ஆனால் அது கீறிய கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கூரையும் சோறும் இல்லாத இடத்தில் நிற்கிறது. கூரையும் கொடுத்து, சோற்றுக்கு ஓர் அட்டையும் கொடுத்தால் அரசு கோட்டுக்கு இந்தப் பக்கம் பத்திரமாக நின்றுகொள்ளலாம்.

அதுதான் நடந்தது. புகலிடம் நிராகரிக்கப்பட்டும் நோய், கர்ப்பம், பயணப் பத்திரம் இல்லாமை போன்ற காரணங்களால் திரும்பிப் போக முடியாதவர்களுக்கு 1999 சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் ஓர் உதவி இருந்தது. காசு இல்லை, வவுச்சர்தான். 2009 நவம்பரில் அந்த வவுச்சருக்குப் பதில் 'அசூர்' என்ற அட்டை வந்தது. தனி ஆளுக்கு வாரத்துக்கு 35 பவுண் 39 பென்ஸ். குறிப்பிட்ட கடைகளில் மட்டும் செல்லும். காசாக எடுக்க முடியாது. பஸ்ஸில் செல்லாது. ஆஸ்பத்திரிக்கும் வழக்கறிஞரிடமும் நடந்து போக வேண்டும். தனி ஆள் ஒரு வாரத்திலிருந்து அடுத்த வாரத்துக்கு 5 பவுணுக்கு மேல் மிச்சம் பிடிக்கவும் முடியாது. சிக்கனமாக இருந்து மாரிகாலத்துக்கு ஒரு சப்பாத்து வாங்க நினைத்தவருக்குச் சிக்கனமே நட்டமானது.

2017இல் அசூர் போய் 'ஆஸ்பென்' அட்டை வந்தது. விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்கள் அதில் காசு எடுக்கலாம். 4ஆம் பிரிவினருக்கு அதுவும் இல்லை. கூடவே புதிதாக ஒன்று சேர்ந்தது. எந்த ஊரில், எந்தக் கடையில் அட்டை பாவிக்கப்பட்டது என்ற பதிவு உள்துறை அமைச்சுக்குத் தெரியும். அந்தப் பதிவை வைத்து ஆட்களைக் கேள்வி கேட்டதும் உதவியை நிறுத்தியதும் பின்னர் வெளியே வந்தன. 2021 மே மாதம் அட்டையை நடத்தும் கம்பனி மாறியபோது புது அட்டை வராமலும், வந்த அட்டை வேலை செய்யாமலும் பலர் நாட்கணக்கில் வெறுங்கையோடு இருந்தார்கள். கடையில் காசு செல்லாமல் போகாது, அட்டை போகும்.

இந்த வருடங்களில் வென்ற வழக்குகளும் உண்டு. ரெபியூஜி அக்ஷன் என்ற அமைப்புத் தொடுத்த வழக்கில் 2014 ஏப்ரலில் உயர் நீதிமன்ற நீதிபதி பொப்பிள்வெல் தீர்ப்பளித்தார். தனி ஆளுக்கு 36 பவுண் 62 பென்ஸ் என்ற தொகையை உயர்த்தாமல் விட்ட முடிவு சட்டத்துக்கு முரண் என்றார். அமைச்சர் கணக்கில் எடுக்கத் தவறியவை என்று அவர் குறிப்பிட்டவற்றில் சவர்க்காரத் தூள், குழந்தைக்குரிய நாப்கின், பால்மா, கடையில் வாங்கும் மருந்து ஆகியவை இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: சமூக, கலாசார, மத வாழ்க்கையில் ஆகக் குறைந்த அளவிலாவது பங்குகொள்ளும் வாய்ப்பு. மனிதன் உயிரோடு இருக்க மட்டும் பிறந்தவன் இல்லை என்பதை ஒரு நீதிபதி பட்டியலில் சேர்த்தார். ஆனால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. மறுபடி யோசி என்று அனுப்பினார். அமைச்சு மறுபடி யோசித்து, 2014 ஓகஸ்டில் அதே தொகையையே வைத்துக்கொண்டது.

2022 டிசம்பரில் நீதிபதி போர்டம் இன்னும் ஓர் அடி வைத்தார். விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு 40 பவுண் 85 பென்ஸ் போதாது, 45 பவுணாக்க வேண்டும் என்று அமைச்சின் அதிகாரிகளே ஆலோசனை சொல்லியிருந்தும் அது கொடுபடவில்லை. உடனே 45 பவுணாக உயர்த்துமாறு நீதிபதி கட்டளையிட்டார்.

இரண்டும் தொகை பற்றிய வழக்குகள் என்பதைக் கவனிக்க வேண்டும். தொகையைக் கூட்டிக் கழிக்கலாம், விலைப்பட்டியலோடு ஒப்பிடலாம், சாட்சியம் கேட்கலாம். நீதிமன்றத்துக்குப் பழக்கமான வேலை அது. ஆனால் கொடுக்கும் விதத்தில் இருக்கும் சிறுமையை எந்தத் தராசில் வைப்பது?

ஜேர்மனி: கண்ணியம் எழுதப்பட்ட நாடு

பிரித்தானியாவில் ஒரே ஆவணமாக எழுதப்பட்ட அரசியலமைப்பு இல்லை. ஆகவே அங்கே இந்தக் கேள்வி மேலெழ இடம் இல்லாமல் போனது என்று யாரும் சொல்லலாம். ஜேர்மனியின் நிலை வேறு. அதன் அடிப்படைச் சட்டத்தின் முதலாம் உறுப்புரையே மனித கண்ணியம் மீறப்பட முடியாதது என்று தொடங்குகிறது. அங்கே என்ன நடந்தது?

1992இன் இறுதியில் ஜேர்மன் கட்சிகள் புகலிட உரிமையைச் சுருக்குவதற்கு ஓர் இணக்கத்துக்கு வந்தன. அதன் தொடர்ச்சியாக 1993 நவம்பரில் புகலிடம் கோருவோருக்கான தனி உதவிச் சட்டம் வந்தது. உள்ளூர் ஏழைகளின் சட்டத்திலிருந்து இவர்கள் பிரிக்கப்பட்டார்கள். உதவி முதன்மையாகப் பொருளாகவே கொடுக்கப்பட வேண்டும்: உணவுப் பொதி, வவுச்சர், கொஞ்சம் கைச்செலவுக் காசு. தொகைகள் பழைய டொச் மார்க்கில் எழுதப்பட்டிருந்தன. மார்க் போய் யூரோ வந்தது. விலைவாசி 30 சதவீதத்துக்கு மேல் ஏறியது. தொகை மட்டும் அசையவில்லை.

அந்தத் தொகை பற்றிய இரண்டு வழக்குகள் கார்ல்ஸ்ரூவேயில் உள்ள அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போயின. 2012 ஜூலை 18ஆம் திகதி வந்த தீர்ப்பு ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டது. அந்தத் தொகைகள் வெளிப்படையாகவே போதாதவை என்றது நீதிமன்றம். கண்ணியமான வாழ்வுக்குரிய குறைந்தபட்சம் ஜேர்மனியருக்கும் அந்நியருக்கும் பொதுவான மனித உரிமை. அதில் உடலின் தேவை மட்டுமல்ல, மற்ற மனிதரோடு பழகவும் சமூகத்தில் கலந்துகொள்ளவும் தேவையானவையும் அடங்கும். ஆட்கள் வருவதைக் குறைக்க வேண்டும் என்பதற்காக மனித கண்ணியத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. இவ்வளவையும் சொல்லி, இடைக்கால ஏற்பாடாகத் தொகையையும் நீதிமன்றமே நிர்ணயித்தது. தனி ஆளுக்குச் சுமார் 225 யூரோவாக இருந்தது 2012ஆம் ஆண்டுக்கு 346 யூரோவானது.

ஆனால் அதே நீதிமன்றம், இந்தக் குறைந்தபட்சத்தைக் காசாகக் கொடுப்பதா, பொருளாகக் கொடுப்பதா, சேவையாகக் கொடுப்பதா என்பது அடிப்படையில் சட்டவாக்க மன்றத்தின் தெரிவு என்றும் சொல்லியிருக்கிறது. கண்ணியம் முதலாம் உறுப்புரையில் எழுதப்பட்ட நாட்டிலும் தொகைக்குத்தான் காவல் கிடைத்தது. கொடுக்கும் விதம் அரசியல்வாதிகளின் கையிலேயே விடப்பட்டது.

அந்த இடைவெளிக்குள்தான் கொடுப்பனவு அட்டை நுழைந்தது. 2023 நவம்பரில் மாநில முதலமைச்சர்களும் அதிபர் ஷோல்ஸும் அட்டைக்கு உடன்பட்டார்கள். 2024 ஏப்ரலில் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மே மாதம் அது அமுலுக்கு வந்தது. பெரும்பாலான மாநிலங்களின் ஏற்பாட்டில் ஒருவர் மாதத்துக்கு 50 யூரோ மட்டுமே காசாக எடுக்கலாம். வெளிநாட்டில் அட்டை செல்லாது. வேறொருவரின் கணக்குக்குப் பணம் மாற்ற முடியாது, அல்லது அதிகாரியின் அனுமதி வேண்டும். சில இடங்களில் குறிப்பிட்ட பிரதேசத்துக்கு வெளியே அட்டை வேலை செய்யாது. அரசு சொன்ன காரணங்கள் இரண்டு: ஊருக்கும் ஆட்கடத்தற்காரருக்கும் பணம் போவதைத் தடுப்பது, நிர்வாகச் சுமையைக் குறைப்பது. இரண்டாவது காரணத்தை லேசாகத் தள்ள முடியாது. காசுக்காக மாதாமாதம் கந்தோர் வாசலில் வரிசையில் நிற்பதைவிட அட்டை நல்லது என்று நினைத்த அகதிகளும் இருக்கத்தான் செய்தார்கள். ஹனோவர் நகரம் எந்தத் தடையும் இல்லாத அட்டையைக் கொடுத்தது. விரும்பிய இடத்தில், விரும்பிய அளவு காசு எடுக்கலாம். அப்படியான அட்டைக்கு எதிராக யாரும் நீதிமன்றம் போகத் தேவையில்லை.

தடை போட்ட இடங்களில் வழக்கு வந்தது. ஹம்பர்க்கில் சிறு பிள்ளையோடும் கர்ப்பத்தோடும் இருந்த ஒரு குடும்பத்தின் மனுவை, புறோ அசூல் என்ற அகதி உரிமை அமைப்பினதும் இன்னோர் உரிமை அமைப்பினதும் ஆதரவோடு, சமூக நீதிமன்றம் விசாரித்தது. பெரியவருக்கு 50 யூரோ, பிள்ளைக்கு 10 யூரோ என்று ஆளின் நிலையைப் பார்க்காமல் ஒரே கோடாகப் போடுவது சட்டப்படி சரியில்லை, குடும்பத்தின் தேவையைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூலை 18ஆம் திகதி இடைக்கால உத்தரவு வந்தது. அதே மாத இறுதியில் நூரம்பேர்க் சமூக நீதிமன்றமும், ஒவ்வோர் ஆளின் நிலையையும் தனித்தனியே சிந்திக்காமல் அட்டையைத் திணித்தது பிழை என்றது. அட்டை வழக்குகளில் முதல்தடவையாக நீதிபதிகள் தொகையைத் தாண்டி, கொடுக்கும் விதத்தைத் தொட்டார்கள்.

தொட்டார்கள், அவ்வளவுதான். அட்டையே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆளைப் பார்த்துக் கொடு என்றார்கள். செப்டம்பரில் ஹம்பர்க் மேல் மன்றம் அந்த முதல் உத்தரவையும் நீக்கிவிட்டது.

அரிசியும் அட்டையும்

இவ்விடத்தில் எங்கள் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. நான் ஆலிம் அல்ல, தமிழ் படிப்பிக்கும் ஆசிரியர். ஆனாலும் ஊர்ப் பள்ளியில் கேட்டுப் பழகிய விசயம் இது. ஸகாத் பெறத் தகுதியான எட்டுச் சாராரை ஸூரத்துத் தவ்பாவின் 60ஆம் வசனம் எண்ணிச் சொல்கிறது. அதில் ஏழைகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வரும் 'லாம்' என்ற எழுத்தை உரிமையைக் காட்டும் எழுத்தாக உலமாக்கள் விளக்குகிறார்கள். ஸகாத் கொடுப்பதென்றால் ஏழையை அப்பொருளின் சொந்தக்காரனாக்குவது. அதற்குத் தம்லீக் என்று பெயர். ஹனபி மத்ஹபில் இது ஸகாத் நிறைவேறுவதற்கான நிபந்தனையாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

பித்ராவை அரிசியாகக் கொடுப்பதா காசாகக் கொடுப்பதா என்ற பேச்சு ஒவ்வொரு ரமழானிலும் எங்கள் ஊர்களில் வரும். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நாங்கள் அரிசியாகத்தான் கொடுக்கிறோம். ஹனபி மத்ஹபில் அதன் பெறுமதியைக் காசாகவும் கொடுக்கலாம். ஆனால் இரு தரப்பாரும் ஒத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அரிசி கைமாறிய பிறகு அது ஏழையின் அரிசி. ஆக்கித் தின்னலாம், விற்கலாம், தன்னைவிட ஏழைக்குக் கொடுக்கலாம். யாரும் பின்னால் போய்க் கணக்குக் கேட்க முடியாது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த எங்கள் மக்களுக்கு உலர் உணவு நிவாரணம் கிடைத்தது. அரிசி, மா, பருப்பு, சீனி. அதில் ஒரு பங்கைக் கடையில் கொடுத்துப் பிள்ளைக்குக் கொப்பி வாங்கியவர்களையும், பஸ்காசு பார்த்தவர்களையும், மீன் வாங்கிக் கறி வைத்தவர்களையும் அந்த முகாம்களில் பழகியவர்களுக்குத் தெரியும். சிலர் அதைக் குறையாகப் பேசினார்கள்: 'நிவாரணத்தை விற்கிறார்கள்'. அது குறையே அல்ல. எது தேவை என்று தீர்மானிக்கும் உரிமை அகதியாகிய பிறகும் ஒரு குடும்பத் தலைவிக்கு உண்டு. அந்த உரிமையைத்தான் அவள் பாவித்தாள். உலர் உணவு மூட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது. எங்கே போனது என்று அது யாருக்கும் அறிவிக்காது.

ஆகவே பொருளாகக் கொடுப்பதா காசாகக் கொடுப்பதா என்பது உண்மையான பிரச்சினை இல்லை என்று எனக்குப் படுகிறது. ஹனோவரின் அட்டையும் அட்டைதான், அது தம்லீக்குக்குக் கிட்ட நிற்கிறது. 2000ஆம் ஆண்டின் வவுச்சரும், அசூரும், 50 யூரோ அட்டையும் தள்ளி நிற்கின்றன. அங்கே கொடுத்தவன் கொடுத்த பிறகும் கையை எடுக்கவில்லை. எந்தக் கடை, எந்த ஊர், எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம், ஜும்ஆவுக்குப் போனால் உண்டியலில் ஒரு காசு போடலாமா என்பதெல்லாம் இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது. 1803 முதல் 2024 வரை நீதிமன்றங்கள் கேட்ட கேள்வி, இந்த ஆள் வாழப் போதுமானது கிடைக்கிறதா என்பது. கிடைத்தது அவனுடையதா என்ற கேள்விக்கு அந்தச் சட்டங்களில் தெளிவான ஒரு பெயர் இன்னும் இல்லை. பெயர் இல்லாத ஒன்றை மனுவில் எழுதுவது வழக்கறிஞருக்கும் கஷ்டம், தீர்ப்பில் எழுதுவது நீதிபதிக்கும் கஷ்டம்.

தீர்ப்புக்கு வெளியே

தீர்ப்பு வரும்வரை மக்கள் காத்திருக்கவில்லை. தொண்ணூறுகளில் ஜேர்மனியின் சில நகரங்களில் உள்ளூர்வாசிகள் அகதிகளின் வவுச்சரை முழுப் பெறுமதிக்குக் காசு கொடுத்து வாங்கித் தாங்கள் கடைக்குப் போனார்கள். பிரித்தானியாவிலும் இப்படியான மாற்றுக் குழுக்கள் இயங்கின. 2024இல் மியூனிக்கிலும் ஹம்பர்க்கிலும் அதே வழி திரும்ப வந்தது. அட்டை வைத்திருப்பவர் சுப்பர்மார்க்கெட்டில் அன்பளிப்புக் கூப்பன் வாங்குவார். உள்ளூர்வாசி ஒருவர் அதை வாங்கிக்கொண்டு அதே தொகையைக் காசாகக் கொடுப்பார். யாருக்கும் இலாபம் இல்லை, நட்டமும் இல்லை. நீதிமன்றம் பெயர் வைக்காத அந்த உரிமையை, அயலவர் ஒருவர் 50 யூரோத் தாளாகக் கையில் வைத்துவிட்டுப் போகிறார். இது சட்டத்தைச் சுற்றிப்போகும் வழி என்று சில அரசியல்வாதிகள் கோபப்பட்டார்கள். தடை செய்ய வேண்டும் என்றும் குரல் எழுந்தது.

வழக்குகள் தொடர்கின்றன. எங்கள் நாட்டிலிருந்து போனவர்களும் அந்த அட்டைகளோடு வாழ்கிறார்கள். அவர்களுக்காக நாங்கள் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வாதாட முடியாது. ஆனால் எங்கள் ஸகாத் குழுக்களும் நிவாரணக் குழுக்களும் ரமழானில் பட்டியல் எழுதக் குந்தும்போது சில கேள்விகளைத் தங்களிடமே கேட்டுப் பார்க்கலாம். நாங்கள் கொடுக்கும் கூப்பன் ஒரே ஒரு கடையில்தான் செல்லுமா? பொதியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்த பிறகுதான் விடுகிறோமா? போன வருட ஸகாத்தில் வாங்கிய தையல் மெஷினை விற்றுவிட்டாள் என்பதற்காக ஒரு பெண்ணின் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டுகிறோமா? அந்த மெஷினை நாங்கள் அவளுக்குக் கொடுத்தோம் என்றால், அவள் விற்றது அவளுடைய மெஷினை. கொடுக்கவில்லை, பாவிக்க மட்டும் விட்டோம் என்றால், எங்கள் ஸகாத் நிறைவேறியதா என்று உலமாக்களிடம் போய்க் கேட்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.